பேச்சியம்மாள் சொன்ன சாட்சி

செம்பூரில் எங்கள் சபை வாலிபர்கள் ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். 'சாட்சி சொல்வது எப்படி' என்பது தலைப்பு. கைப்பேசியிலேயே எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் கடைசிக் கேள்வி இது: 'உங்கள் சாட்சியால் மாறிய ஒரு வாழ்க்கையைப் பற்றி நூறு வார்த்தைகளுக்குள் எழுதவும்.' நூறு வார்த்தைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு வாழ்க்கை மாறியிருந்தால் நான் ஏன் இத்தனை வருஷமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன்? யாருடைய வாழ்க்கை மாறியது, யார் மாற்றியது, நல்லபடியாகத்தான் மாறியதா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. தெளிவில்லாததை அப்படியே எழுதி அனுப்புகிறேன். வேண்டுமானால் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

அறுபதுகளில் நான் தாராவியில் எங்கள் தமிழ்ச் சபையின் சம்பள ஊழியக்காரியாக இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதும், ஜெபிப்பதும், கேட்டால் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் வேலை. பாளையங்கோட்டையில் ஒன்றரை வருஷம் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி பாட்டு, பாதி மனப்பாடம். பிறகு ரயிலேறி வந்து, மில்லில் வேலை பார்த்த அண்ணன் வீட்டில் தங்கினேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அதனால் தாராவியில் என்னை எல்லாரும் வேதக்காரக்கா என்றே கூப்பிட்டார்கள். தங்கம் என்கிற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு மேலே இருந்தவர் எங்கள் சபை ஐயர். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். இந்த வார்த்தையால் மாட்டுங்காவில் ஒருமுறை நான் பட்ட பாடு போதும். அங்கே ஒரு மாமியிடம், "ஞாயித்துக்கிழமை எங்க ஐயர் வந்து ஜெபம் பண்ணுவாக" என்று சொல்லிவிட்டேன். மாமிக்கு ஏக சந்தோஷம். வாசலில் கோலம் போட்டு, காப்பிக்குப் பால் வாங்கிவைத்து, மனையும் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளை அங்கியும் கழுத்துப் பட்டையுமாக எங்கள் ஐயர் படியேறி வந்ததும் மாமி என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! "ஏண்டியம்மா, இவரா ஐயர்? இவர் ஆட்டுக்கறி சாப்பிடுவாரோ?" என்று நேரடியாகவே கேட்டார். எங்கள் ஐயர் கூச்சப்படவில்லை. "கிடைத்தால் சாப்பிடுவேன் அம்மா. ஆனால் காப்பி போதும்" என்றார். மாமி சிரித்துவிட்டார்; காப்பியும் வந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஐயர் வேலை வாங்குகிற விதமே தனி. வீடு சந்திப்புக்கு அவர் சில விதிகள் வைத்திருந்தார். போன வீட்டில் முதலில் கைவேலை கேட்டு வாங்க வேண்டும். பூண்டு உரிக்கலாம், அரிசியில் கல் பொறுக்கலாம். சும்மா உட்கார்ந்து வாயைப் பார்க்கிற ஆளிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். மூன்றாவது தடவை போகும்வரை பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுக்கக் கூடாது. நோய் குணமாகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் இருந்தால் முதல் வணக்கம் அவருக்கு.

எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'நாம் சொன்னது', வலப்பக்கம் 'அவர்கள் சொன்னது'. சனிக்கிழமை காலையில் எங்கள் சபைக் கோயிலின் பக்கத்து அறையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும். ஐயர் கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். நான் உற்சாகமாக இடப்பக்கத்தை ஆரம்பித்தால் கையைத் தூக்கிவிடுவார். "அது எனக்குத் தெரியும், தங்கம். அந்தப் பக்கத்தை வாசி" என்பார். வலப்பக்கம் ஒரே வரியாக இருந்தால் அதன் கீழே சிவப்பில் ஒரு கேள்விக்குறி போடுவார். அதட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு தூரம் வெயிலில் அலைந்து வசனம் சொல்லிவிட்டு வருகிறேன், அதைக் கேட்காமல் அவள் என்ன சொன்னாள், இவள் என்ன சொன்னாள் என்று இந்த மனுஷர் கேட்கிறாரே என்றிருக்கும்.

பேச்சியம்மாளை நான் சந்தித்தது தண்ணீர்க் குழாயடியில். விளாத்திகுளம் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், கையில் ஒரு பெண் குழந்தை. புருஷன் ஆறுமுகமும் அவன் தம்பி சுடலைமுத்துவும் ஒரே தோல் பட்டறையில் வேலை செய்தார்கள். மூன்று பேரும் குழந்தையும் ஒற்றைக் கோலியில் குடியிருந்தார்கள். பம்பாயில் அறையைக் கோலி என்பார்கள். அவளுக்குக் கதை கேட்கப் பிடிக்கும். இயேசு பார்வை கொடுத்த குருடனை ஊரார் கூப்பிட்டு மிரட்டி விசாரித்த கதையை மட்டும் நாலு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறாள். "அவன் பயந்துக்கிடலியாக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். எனக்குப் பெருமை தாங்காது. இந்த ஆத்துமா கனிந்து வருகிறது என்று நோட்டில் எழுதினேன். ஐயர் சிவப்புக் கேள்விக்குறி போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குழாயடியில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. பேச்சியம்மாள் இருந்த சாலுக்கு, அதாவது வரிசைக் குடியிருப்புக்கு, தண்ணீர் விடுகிற சாவி விட்டல் என்கிற ஆளிடம் இருந்தது. விடிகிற நேரத்தில் அவன் குனிந்து குழாயைத் திறந்துகொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து இரும்புத் துண்டால் மண்டையில் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை விளங்காமல் போயிற்று. அடித்தது யாரென்று அவன் பார்க்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் வரிசைக்காக அவனோடு பலத்த சண்டை போட்டவர் பீடிக்கடை காதர் பாய். மேலப்பாளையத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர், அன்றைக்கு என்னவோ பேசிவிட்டார். ஹவல்தார் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் மனைவி நூர்ஜகானுக்கு அப்போது ஆறு மாதம். சால் முழுக்க இதே பேச்சு. குழாயடியில் அப்போது பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். ஒருத்தரும் ஒன்றையும் பார்க்கவில்லை என்றார்கள்.

அடுத்த சில வாரங்களில் பேச்சியம்மாள் இளைத்துப் போனாள். நான் போய் உட்கார்ந்தால் அரிசிச் சுளகை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, ஒரு உண்மை மனசுக்குத் தெரிஞ்சுபோச்சு. அத வெளிய சொல்லாம வச்சிருந்தா சாமி கோவிச்சுக்கிடுமா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இயேசுவை ஏற்றுக்கொண்டுவிட்டாள், புருஷனுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று நினைத்தேன். வேறு என்னவாக இருக்கும்? நான் பேசியதெல்லாம் அதைத்தானே.

"கோவிச்சுக்கிட மாட்டாரு. ஆனா உனக்கு நிம்மதி இருக்காது, பேச்சி. நீ சாட்சி சொல்லணும்" என்றேன்.

"வீட்டுல கொன்னு போட்டுருவாக."

"எதுக்கத்தான் செய்வாக. அடிக்கக்கூடச் செய்வாக. சொந்தக்காரங்க ஒதுக்கி வைப்பாக. எத்தன பேருக்கு இப்படி நடந்திருக்கு தெரியுமா? ஆனா சாட்சி சொன்னாத்தான் மனசு லேசாகும்."

"எல்லாரு முன்னாலயுமா சொல்லணும்?"

"எல்லாரு முன்னாலயுந்தான். ஒளிச்சு வச்சுச் சொல்றது சாட்சியா?"

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு, "நீங்க கூட வருவீகளா?" என்றாள்.

"நான் இல்லாமலா? முன்னால வந்து நிப்பேன்" என்றேன்.

சனிக்கிழமை அதைத்தான் முதலில் வாசித்தேன். இடப்பக்கம்: 'தைரியமாய்ச் சாட்சி சொல்லும்படி ஏவினேன்.' வலப்பக்கம்: 'பயமாயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன் என்றாள்.' ஐயர் பென்சிலை மேஜைமேல் உருட்டினார். "என்ன உண்மை தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா?" என்றார். "ஆண்டவரத்தான் ஐயா" என்றேன். "அவ அப்படிச் சொன்னாளா?" என்றார். இவருக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கேள்விக்குறியோடு நோட்டு திரும்பி வந்தது.

வியாழக்கிழமை போனபோது கோலியில் நூர்ஜகான் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "சொல்லிட்டேன்க்கா. விட்டலை அடிச்சது எங் கொழுந்தன். இரும்ப அவன் சாக்கடையில வீசுனத எங் கண்ணால பாத்தேன். வர்ற புதன்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு காதர் பாயோட வக்கீலு. நீங்க சொன்னாப்புல எல்லாரு முன்னாலயும் சாட்சி சொல்லப்போறேன்" என்றாள்.

வேதக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குச் சாட்சி என்றால் ஆண்டவரைப் பற்றிச் சபை நடுவே எழுந்து சொல்வது. மற்ற எல்லாத் தமிழருக்கும் சாட்சி என்றால் கோர்ட்டுதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தோன்றவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அவள் எடுத்துக்கொண்ட அர்த்தத்துக்குப் பொருந்தாமல் இல்லை.

ஐயரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "அவகிட்டப் போயி நான் சொன்னது இது இல்லைன்னு சொல்லிரட்டுமா ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்தார். "சொன்னா என்ன செய்வா?"

"நிறுத்திருவா. எம் பேச்சை நம்பித்தான் துணிஞ்சிருக்கா."

"சொல்லலைன்னா?"

"குடும்பம் நாசமாப் போயிரும். ஆறுமுகம் அவள வீட்டுல வைக்கமாட்டான்."

"காதர்?"

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் இதுல ஒண்ணும் சொல்லப்போறதில்ல, தங்கம். நான் ஒண்ணு சொன்னா நீ அத அப்படியே கொண்டுபோயி அவ தலையில வச்சிருவ."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வழி சொல்லத்தானே ஐயர் என்று ஒருவர் இருக்கிறார்! பிறகு எத்தனையோ ஊழியக்காரிகளுக்கு நானே மேலாளாக இருந்திருக்கிறேன். அவர் செய்தது சரியா, கைகழுவியதா என்று இப்போதும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சொல்லிவிடுவது என்றே போனேன். பேச்சியம்மாள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. "பேச்சி, சாட்சின்னு நான் சொன்னேன்லா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா இப்படியே புழுங்கிச் செத்திருப்பேன்க்கா. ரெண்டு நாளாத்தான் சோறு எறங்குது" என்றாள். "என்ன சொல்ல வந்தீக?"

"ஒண்ணுமில்ல. புதன்கிழமை எத்தன மணிக்குப் பொறப்படணும்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அது பயமா, அவளுடைய நிம்மதியைக் கெடுக்க மனம் வராததா, ஆண்டவர் என் வாயைக் கட்டினாரா? மூன்றையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன். அவள் குழந்தையை என் அண்ணியிடம் விட்டுவிட்டு, புதன்கிழமை அவளோடு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கோர்ட்டில் பேச்செல்லாம் இந்தியும் மராத்தியும். அவளுக்காகத் தமிழ் தெரிந்த ஒரு வயதானவரை மொழிபெயர்க்க உட்கார வைத்திருந்தார்கள். கூண்டில் ஏறியதும் அவர், "கடவுள் சாட்சியாக உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லம்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் சொன்னது சரிதான் என்கிற சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சுடலைமுத்துவின் பெயரையும் சொன்னாள். ஆறுமுகம் பின்வரிசையில் சுவரோடு நின்றிருந்தான். பிறகு சர்க்கார் வக்கீல் எழுந்தார். இத்தனை நாள் வாயைத் திறக்காதவள் இப்போது யார் சொல்லி வந்தாய் என்று கேட்டார்.

"எங்க வேதக்காரக்கா சொல்லித்தான்" என்றாள் பளிச்சென்று. "அந்தா இருக்காகள்லா, அவுகதான் சாட்சி சொல்லச் சொன்னாக."

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த சாட்சி, பாதிரிக் கூட்டத்தின் வேலை என்று என்னைக் கை காட்டிப் பேசினார். காதர் பாயின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நூர்ஜகான் என்ன நடக்கிறது என்று புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

சம்பவத்தை நீ பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். இவள் பார்த்தது உனக்கு முன்பே தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அப்படியானால் எந்தச் சாட்சியைச் சொல்லச் சொன்னாய் என்றார்.

உண்மையைச் சொன்னால், சொல்லிக்கொடுத்த சாட்சி இல்லை என்றாகி, காதர் தப்பிப்பார். ஆனால் நான் சொல்லச் சொன்னது இதை இல்லை என்று பேச்சியம்மாளுக்குத் தெரிந்துபோகும். வேதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்த நான், ஒரு பொய் சொன்னால் என்ன என்று அந்தக் கோர்ட்டில் நின்று யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"இந்தக் கேஸப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல ஐயா. எங்க ஆண்டவரப் பத்திச் சாட்சி சொல்லச் சொன்னேன். எங்க சபையில அதுக்கும் இதே வார்த்தைதான். இவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை விலாவாரியாக விளக்கினார். ஜனங்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாக என்ற அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாஜிஸ்திரேட் அவளிடம் திரும்பினார். அந்தம்மா சொல்லச் சொன்னது இதையில்லையாம், இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்கச் சொன்னார். அவள் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு இருக்கும், புருஷன் இருப்பான்.

"அவுக எதச் சொன்னாகளோ எனக்குத் தெரியாது சாமி. நான் பாத்தது பாத்ததுதான்" என்றாள்.

காதர் பாய் விடுதலையானார். ஆனால் தாராவியில் கடை ஓடவில்லை. லாக்கப்புக்குப் போன ஆள் என்று பேர் ஒட்டிக்கொண்டது. காட்கோபருக்கு மாறிப்போனார். ஓடிப்போன சுடலைமுத்து பக்கத்து ஊரான கல்யாணில் பிடிபட்டுச் சிறைக்குப் போனான். கோர்ட்டு வாசலிலேயே ஆறுமுகம் என்னிடம், "ஏன்க்கா இந்த லப்டா வம்புல எங்களை இழுத்துவிட்டீக? நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?" என்று கேட்டான். கத்திக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே பேச்சியம்மாளின் பானை சட்டியெல்லாம் சந்தில் வந்து கிடந்தன. நூர்ஜகானின் சொந்தக்காரர்கள் செம்பூரில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்கள். அவள் குழந்தையோடு போய்விட்டாள்.

நான் நாலு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எந்த முகத்தோடு போவது? சனிக்கிழமைகளில் ஐயர் அவளைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டாவது வருவோம் என்று ஒரு மத்தியானம் போனேன். தரை முழுக்க அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் அப்பளக் கம்பெனிக்கு இட்டுக் கொடுக்கிறாளாம். நான் கேட்காமலே பலகையையும் குழவியையும் என் பக்கம் தள்ளினாள். ஆறுமுகம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறான், இவளிடம் பேசுவதில்லை என்றாள். நூர்ஜகானுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"அது கெடக்கு. கோர்ட்டுல ஒண்ணு சொன்னீகள்லா, நீங்க சொன்ன சாட்சி வேறன்னு. அது என்னதுக்கா?" என்றாள்.

எனக்குத் தெம்பு வந்தது. எவ்வளவு காலமாகச் சொல்லி வந்ததுதானே. "ஆண்டவர் நம்ம வாழ்க்கையில செஞ்சத நாலு பேர் முன்னால எடுத்துச் சொல்றது" என்றேன்.

"செஞ்சாரா?"

"செஞ்சாரு. அவரு யாரையும் கைவிடுறதில்ல. எப்பேர்ப்பட்ட மனுசரையும் மாத்திருவாரு."

அவள் உருண்டையை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதில் குத்தலோ கேலியோ இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டாள்.

"அந்தக் கறுப்புக் கோட்டுக்காரரு எங்கிட்ட இதத்தான்க்கா திருப்பித் திருப்பிக் கேட்டாரு. கேள்விப்பட்டதச் சொன்னா சாட்சி ஆகாதாம். நீங்க பாத்தீகளா, இல்ல கேள்விப்பட்டீகளா?"

மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம் நான். ஒன்றரை வருஷப் பயிற்சி, அத்தனை வசனம், அத்தனை பாட்டு. என் எதிரே வீடு போய், புருஷன் போய், ஒருத்தி அப்பள மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கேள்விப்பட்டதுதான், பேச்சி" என்றேன்.

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். இன்னொரு உருண்டையை எடுத்து என் பலகையில் வைத்தாள்.

"இங்கனதான் இருக்கேன். பாத்த பொறவு வந்து சொல்லுங்க."